பெயருக்குப் பிறகு வாசித்த செய்தி

“ஆடு காணாமப் போனா வாசிக்கிற, மாடு கன்னு போட்டா வாசிக்கிற. என் தங்கச்சி விசயம்னா மட்டும் உன் மைக்கு வாயப் பொத்திக்கிடுமாலே?”

“சத்தம் போடாதீக மச்சான். பார்க்குல ஆளுக இருக்காக.”

“இருந்துட்டுப் போகட்டும். ஊருக்கே தெரிஞ்ச கதை. தெரியாதவ அவ ஒருத்திதான்.”

“அதான் மீரான் பாய் நேர்லயே போயிச் சொல்லிட்டாருல்ல.”

“சொன்னாரு. மோரு குடுத்து அனுப்பி வச்சுட்டா. நீ வாசிச்சாத்தான் நம்புவாளாம்லே. கூடப் பொறந்தவன் நான் சொன்னாக்கூடச் செல்லாதாம்.”

நகராட்சிப் பூங்காவின் ரேடியோ அறை வாசலில் நடந்த இந்தப் பேச்சு, வேலிக்கு வெளியே ரோடு வரைக்கும் கேட்டது. கத்தியவன் சடையாண்டி. குஜிலியம்பாறைப் பக்கம் மழையை நம்பிக் கம்பு விதைக்கிறவன். மழை பொய்த்த வருஷங்களில் அவன் தொண்டை இன்னும் நன்றாகத் திறக்கும். பதில் சொன்னவன் சோலைமலை, ரேடியோ அறைக்காரன். நான் மண்ணெண்ணெய் வாங்கப் போனவள். அங்கே நின்றது கால் வலித்ததால்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சோலைமலை திண்டுக்கல்லில் யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பான். பூட்டுப் பட்டறைக்காரர் அண்ணே, போலீஸ்காரர் அண்ணே, அவனைவிட வயதில் சின்ன ஜட்காக்காரனும் அண்ணே. சடையாண்டி மட்டும் மச்சான். ஒரு தடவை வாய் தவறி அண்ணே என்றுவிட்டால் அவன் தங்கை சண்முகவள்ளி தனக்கும் தங்கை முறையாகிவிடுவாளே என்ற பயம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

பூங்கா ரேடியோவைத் திறந்து, முள்ளைத் திருப்பி வைத்து, முடிந்ததும் பூட்டுவது. அவ்வளவுதான் நகராட்சி அவனுக்குக் கொடுத்த வேலை. ஒரு கோடையில் தண்ணீருக்கு அடிதடி ஆனபோது, எந்தத் தெருக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அறிவிக்கச் சொல்லி ஒரு மைக்கையும் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் பிடித்தவன் தண்ணீரோடு நிறுத்துவானா? சாயங்காலம் டெல்லிச் செய்தி முடிந்த கையோடு ‘நம் ஊர்ச் செய்தி’ என்று தொடங்கிவிட்டான்.

குறை சொல்லக்கூடாது, வாசிக்கத் தெரிந்தவன். செய்தியை ஒரேயடியாகக் கொட்டமாட்டான். “அய்யலூர்ச் சந்தையில் விற்ற கிடாய் ஒன்று மறுநாளே தனியாக வீடு வந்து சேர்ந்திருக்கிறது” என்பான். நிறுத்துவான். ஒரு செருமல். தெருவில் அகப்பை எடுத்த கை அப்படியே நிற்கும். யார் வீட்டுக் கிடாய் என்பதைக் கடைசி வார்த்தையாகத்தான் போடுவான். எல்லாம் முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, “கண்டு கேட்டுச் சொன்னது, சோலைமலை” என்பான். அந்த ஒரு வரி ஊரைப் பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் ‘கண்டு கேட்டுப் போட்ட டீ’ என்று பலகை எழுதி மாட்டினார். டீ என்னவோ பழைய டீதான்.

அந்த வரிக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். தானே போய்ப் பார்த்து விசாரித்ததெல்லாம் பெயருக்கு முன்னால். சினிமா விளம்பரம், தொலைந்த குடை, காதில் விழுந்த பேச்சு எல்லாம் பெயருக்குப் பிறகு. பிறகு வருவதை நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு. ஊரும் அதை அப்படியே பழகிக்கொண்டது.

சண்முகவள்ளி எனக்கு எதிர்வீடு. கல்யாணமான சூட்டோடு அவள் புருஷன் மொக்கைச்சாமி கடை வேலைக்கென்று இலங்கைக்குக் கப்பல் ஏறினான். முதலில் கடிதம் வந்தது. பிறகு ஒரு சேலை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் புகையிலைக் கிட்டங்கியில் காம்பு கிள்ளப் போய்க் காலம் தள்ளினாள்.

தனுஷ்கோடிப் பக்கமிருந்து ரயில் வரும்போதெல்லாம் சோலைமலை ஸ்டேஷனுக்குப் போய், இலங்கையிலிருந்து யார் யார் வந்து இறங்கினார்கள் என்று பார்த்து வந்து வாசிப்பான். அதை எப்போதும் கடைசியில் வைப்பான். முதலிலேயே வாசித்துவிட்டால் அவள் உள்ளே போய்விடுவாள் அல்லவா. ஆடு, மாடு, குழாய், பரீட்சை எல்லாம் முடியும்வரை அவள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். ரேடியோ அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வாசல் தெரியும். பூங்காவைப் பார்த்திருந்த ஒலிபெருக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தெருப் பக்கம் திரும்பியது. கேட்டதற்குக் காற்று என்றான். காற்றுக்கு வேறு தெருவே தெரியாது போலிருக்கிறது.

இலங்கையில் மாத்தளைப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த மீரான் பாய் ஊர் திரும்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மொக்கைச்சாமி அங்கே ஒருத்தியோடு குடும்பமாகவே இருக்கிறான். இப்போது ஓர் ஆண் குழந்தையும் பிறந்திருக்கிறது. மீரான் பாய் என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை, சடையாண்டியையும் தெருவையும் தவிர.

அவர்கள் சனத்தில் பெரியவர்களை வைத்துத் தீர்த்துவிட்டு மறுகல்யாணம் செய்வது புதிதில்லை. ஆனால் அவள் சரி என்று சொல்ல வேண்டும். அவளோ, “பாய் வேற எந்த மொக்கைச்சாமியப் பாத்தாரோ. சோலைமலை வாசிக்கட்டும், நம்புறேன்” என்று நின்றுவிட்டாள்.

அதனால்தான் பூங்காவில் அந்தச் சத்தம். கத்திப் பார்த்துப் பலிக்காமல் சடையாண்டி குரலை இறக்கினான். நானும் இரண்டடி கிட்டே போக வேண்டியதாயிற்று.

“ஏலே, முறைக்கும் ஒத்து வருது. நீ வாசி. வர்ற தையில உனக்கே கட்டித் தாரேன்.”

“அதுக்குத்தான் மச்சான் வாசிக்க முடியல.”

“என்னலே பேச்சு இது. வேணாங்குறியா?”

“வேணாம்னு யாரு சொன்னா? கடைக்காரனே அவன் தராசுல அவனுக்கே நிறுத்துக்கிட்டா ஊரு சிரிக்காதா?”

சடையாண்டி மறுபடி குரலை ஏற்றப் போனபோது சண்முகவள்ளி வந்தாள். கிட்டங்கியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையெல்லாம் புகையிலைத் தூசி. அந்தப் பூங்காவுக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

“நீ கத்துறது தெருமுக்கு வரைக்கும் கேக்குதுண்ணே. உனக்கு மைக்கே வேண்டாம்” என்றாள். பிறகு சோலைமலையைப் பார்க்காமல், அறைக் கதவைப் பார்த்துப் பேசினாள். “நெசமா இருந்தா நெசம்னு வாசிங்க. இல்லைன்னா இல்லைன்னு வாசிங்க. எதுவா இருந்தாலும் உங்க பேரச் சொல்லி வாசிங்க.”

“வாசிக்கிறேன்” என்றான். மைக் இல்லாவிட்டால் அவன் குரல் இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் அடுப்பு மூட்டியவர்கள் குறைவு. சடையாண்டி என் வாசற்படியில் உட்கார்ந்து என் வெற்றிலையைப் போட்டுக்கொண்டிருந்தான். டெல்லி என்ன சொன்னது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. நம் ஊர்ச் செய்தி தொடங்கியது. குழாய். மாட்டாஸ்பத்திரி. சந்தையில் தக்காளி விலை. அன்றைக்கு அவன் எங்கேயும் நிறுத்தவில்லை, செருமவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஓட்டினான்.

“இலங்கையிலிருந்து இன்று யாரும் வந்து இறங்கவில்லை. கண்டு கேட்டுச் சொன்னது, சோலைமலை.”

“ஏமாத்திட்டான் பயபுள்ள” என்று சடையாண்டி எழுந்தான்.

ஒலிபெருக்கி அணையவில்லை, இரைந்துகொண்டே இருந்தது. சினிமாக் கொட்டகையில் படம் மாற்றியதைச் சொன்னான். கறுப்புக் குடை ஒன்று தொலைந்ததைச் சொன்னான். பிறகுதான் அது வந்தது.

“மாத்தளையில் இருக்கும் நம் ஊர் மொக்கைச்சாமிக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தாயும் சேயும் நலம்.”

எந்தப் பிரசவத்துக்கும் அவன் வாசிக்கிற வழக்கமான முடிவுதான். அதோடு ஒலிபெருக்கி நின்றது. நான் தெருவைக் கடந்து போனேன். போகாமல் இருக்க முடியுமா?

“கேட்டியா புள்ள?”

“கேட்டேன்க்கா. பேருக்கு அப்புறந்தான வாசிச்சாரு.”

“அதனால?”

“குடை தொலஞ்சது மாதிரி அதுவும் ஒண்ணு. வெஞ்சனம் வைக்கணும், செத்த நேரத்துல வாரேன்” என்று உள்ளே போனாள். செத்த நேரம் கழித்தும் வரவில்லை. நான் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். சடையாண்டி அதற்குள் பஸ் ஏறப் போய்விட்டான்.

மறுநாள் சோலைமலையைப் பிடித்தேன்.

“ஏப்பா, ஒரு வரி முன்னால வாசிச்சா என்ன கொறஞ்சா போயிருக்கும்?”

“மாத்தளைக்குப் போயி நான் கண்டேனா சிவனம்மாக்கா?”

“அய்யலூர்க் கிடாய் நடந்து வந்ததக் கூடவே நடந்து போயிக் கண்டியாக்கும்?”

அவன் மைக் வயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தான். “கிடாய் திரும்பி வரணும்னு நான் வேண்டிக்கிடலயே. இந்தச் சேதி வரணும்னு எம்புட்டு நாளா வேண்டிக்கிட்டுக் கெடந்திருக்கேன் தெரியுமா? வேண்டினவன் பேர எப்படிக்கா அதுல போடுறது?”

“அவ கேட்டது சேதிய இல்லப்பா. உன் பேரக் கேட்டா.”

“போங்கக்கா. நீங்க கண்டீகளா?”

அவன் தொழிலில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு இலங்கைச் செய்தியை முதலிலேயே வாசித்துவிடத் தொடங்கினான். இத்தனை நாள் அவளைக் காக்க வைத்தது பாவம் என்று நினைத்தானோ என்னவோ. அது முடிந்த பிறகும் சண்முகவள்ளி வாசலை விட்டுப் போகவில்லை. கிடாயும் குழாயும் கேட்டாள். அவன் பெயரைச் சொல்லும்வரை நின்றாள். சொன்னதும் உள்ளே போனாள். குனிந்த தலை நிமிராமல் வாசிக்கிறவனுக்கு ஜன்னல் எங்கே தெரியும்.

அறுபத்திரண்டு வைகாசியில் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்கார வீட்டில் சோலைமலைக்குப் பெண் எடுத்தார்கள். பெண் பெயர் சுந்தரம்மாள். எதற்கெடுத்தாலும் ‘ஏனுங்க’ என்கிற பேச்சு. மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவன் வேலையை விட்டுத் தோப்போடு போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவன் டெல்லியை வைத்து, டெல்லி முடிந்ததும் பூட்டிவிடுகிறான். அந்த ஆனியிலேயே சண்முகவள்ளி வீட்டைக் காலி செய்து, குஜிலியம்பாறைக்கு அண்ணனோடு போனாள். சடையாண்டி இரண்டு இடம் பார்த்தானாம், அமையவில்லையாம். அமையவில்லை என்றால், அவள் அமையவிடவில்லை. மீரான் பாய் மறுபடி மாத்தளைக்கே போய்விட்டார். எதிர்வீட்டில் இப்போது நசீம் பானு என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். தங்கமான பெண்தான், என்ன, எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள்.