நாத்தனார் நிற்க வேண்டிய இடம்

மூன்றாவது ஆட்டத்தையும் மோகனூர் பெண்கள் கூடைப்பந்து அணி மிகுந்த மரியாதையோடு தோற்றது.

மரியாதை என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டே புள்ளிதான் பின்னால். கேப்டன் தேவிப்ரியா பந்தைத் தட்டிக்கொண்டே, "அம்மிணி, நீங்க கொஞ்சம் கூடைக்குப் பக்கமா வந்தீங்கன்னா நல்லாருக்கும்ங்க" என்றாள். சௌந்தர்யா, "அப்படீங்களா நங்கை, சரிங்க" என்றாள். இந்த உபசாரம் முடிவதற்குள் எதிரணிக்காரி ஒருத்தி நடுவில் புகுந்து பந்தைப் பறித்து, அந்தக் கோடிக்குப் போய்க் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டாள்.

போன வருஷம் இப்படியில்லை. சௌந்தர்யாவும் தேவிப்ரியாவும் காலேஜில் ஒரே பெஞ்சு, கோர்ட்டில் ஒரே அணி. "நவுருடி எருமை!" என்று ஒருத்தி கத்துவாள். "கண்ணைப் பொடனியில வெச்சுக்கிட்டா ஆடறே?" என்று மற்றவள் திருப்பிக் கொடுப்பாள். வாய் ஓயாமல் சண்டை போட்டே முதல் டிவிஷனில் இரண்டாம் இடத்துக்கு வந்தார்கள்.

அப்புறம் ஆவணியில் ஒரு கல்யாணம் நடந்தது. சௌந்தர்யாவின் அண்ணன் சந்தோஷ்குமார், கேலரியில் உட்கார்ந்து தங்கச்சி ஆட்டத்தைப் பார்க்க வந்தவன், வேறொருத்தியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. பெண் வீட்டிலும் சொல்லவில்லை. தேவிப்ரியா தாலியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே மருமகளாக வந்து சேர்ந்தாள்.

சௌந்தர்யாவின் அம்மா பெருமாயி அன்றைக்கே சட்டம் போட்டாள். "இனிமே பேரு சொல்லக் கூடாது சாமி. அண்ணன் பொண்டாட்டி உனக்கு நங்கை. வாங்க போங்கன்னுதான் பேசோணும்." மருமகளுக்குத் தனியாகச் சட்டம் போடத் தேவையிருக்கவில்லை. புது மருமகள், நாத்தனாரை 'அம்மிணி' என்று தானாகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அதோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெருமாயி ஒறம்பரை, சொந்தபந்தம் என்று ஜனத்தைத் திரட்டிக்கொண்டு வந்து கேலரியின் முதல் வரிசையை நிரப்பினாள். மாமியாரும் அவள் பக்கத்து ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுப் பெண்ணைப் பார்த்து 'நவுருடி' என்று சொல்ல எந்த மருமகளுக்குத் துணிச்சல் வரும்?

தோற்ற மறுநாள் கோச் நவநீதகிருஷ்ணன் சௌந்தர்யாவைத் தன் பட்டறைக்கு வரச் சொன்னார். லாரி பாடி கட்டுகிறவர். பாதி கட்டிய லாரிக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"இன்னும் ஒண்ணு தோத்தா அடுத்த வருஷம் ரெண்டாம் டிவிஷன். அங்க போன டீம் எத்தனை திரும்பி வந்துருக்குது, சொல்லு பார்க்கலாம்?"

ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஸ்பான்சர் முதலில் போவார், அப்புறம் நல்ல பிள்ளைகள் போவார்கள், கடைசியில் பெயர்ப்பலகையும் போய்விடும்.

"போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் சண்டையை நிறுத்தோணும்னு நான் சாமிக்கு வேண்டிக்கிட்டேன். சாமி இப்பத்தான் காது குடுத்துருக்குது. நேரம் பாரு."

"சார், என்னைப் பழைய இடத்துல ஆட விடுங்க. நான் புள்ளி எடுத்துக் காட்டறேன்."

விஷயம் அதுதான். போன வருஷம் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவள் அவள். இந்த வருஷம் நெட்டைப் பிள்ளை ஒருத்தி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, மிச்சம் இருந்தவர்களில் உயரம் சௌந்தர்யாதான். கூடைக்கு அடியில் நில், எதிராளியை வழிமறி, ஸ்கிரீன் போடு, சேந்தமங்கலத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் தனப்பிரியா குறி பார்த்து எறிவாள் என்று கோச் சொல்லிவிட்டார். ஸ்கிரீன் என்றால் வேறொன்றுமில்லை. துரத்தி வருகிறவள் மோதுகிற இடத்தில் தூண் மாதிரி நிற்க வேண்டும். அசைந்தால் ஃபவுல். அசையாவிட்டால் இடி.

கோச் லாரியின் அடியைக் காட்டினார். "போன வருஷம் நீ ஹாரன். இந்த வருஷம் சேசிஸ்."

"சேசிஸை ஆருங்க சார் திரும்பிப் பார்க்கறாங்க?"

"ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. அது இல்லாட்டி ஹாரனை ரோட்டுல வெச்சுத்தான் அடிக்கோணும்."

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது சௌந்தர்யாவுக்கு ஒன்று உறைத்தது. அவள் தன்னிடமே கறாராகப் பேசக்கூடியவள். கணக்கில் தன் பக்கம் சாய்க்கிற பழக்கம் இல்லை. தேவிப்ரியா 'வந்தீங்கன்னா நல்லாருக்கும்ங்க' என்றபோதெல்லாம், வராமல் இருந்தாலும் பாதகமில்லை என்றுதானே அவள் எடுத்துக்கொண்டாள்? கூடைக்கு அடியில் போய் நிற்காமல், பழைய இடத்துக்குப் பக்கமாகவே மெல்ல உலாத்திக்கொண்டிருந்தாள். போன வருஷத்து தேவி 'போடி அங்க' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போயிருப்பாள். இந்த மரியாதை தேவிக்கு விலங்காக இருந்தது என்றால், தனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

தேவிப்ரியா சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நங்கை, கோர்ட்டுல என்னைத் திட்டுங்க."

தேவிப்ரியா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "உங்களுக்கென்ன அம்மிணி, நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிருவீங்க. நான் இந்த ஊட்டுல இருக்கோணும்ங்க."

அப்படியானால் சரக்கு வேறு கையில் இருக்கிறது. பெருமாயியிடம்தான் பேச வேண்டும்.

பெருமாயி பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏலம் விடுகிறவள். நேரடியாகப் போய்க் கேட்டு அவளிடம் ஒன்றையும் வாங்க முடியாது. சௌந்தர்யா அவள் வயிற்றில் பிறந்தவள், சுற்றிக்கொண்டே போனாள்.

"ஏம்மா, அப்பாவோட சித்தப்பா பேரு என்ன?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறே. எனக்கு மாமனார் முறை. பேரை நான் சொல்லலாமா?"

"ஏலத்துல சொல்றியே. 'தங்கமுத்து ஒருதரம், தங்கமுத்து ரெண்டுதரம்'னு. போன வாரம் 'தங்கமுத்து, வாயில என்ன கொழுக்கட்டையா, ஏறிக் கேளு'ன்னுகூடச் சொன்னே. நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"அது ஏலக்களம். களத்துல முறை பார்த்துட்டு நின்னா, தார் பழுத்து ஒழுகிப் போயிரும்."

"எங்களுக்கும் அது களந்தாம்மா. முறை பார்த்துத்தான் மூணு ஆட்டம் ஒழுகிப் போச்சு."

பெருமாயி வெற்றிலையை மடித்தாள். எதிராளி சரியான விலை சொல்லிவிட்டால் அவளுக்குத் தெரியும். உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதும் தெரியும்.

"பேரு சொல்லட்டும். 'டீ' ஆகாது."

"'டீ' இல்லாட்டி நங்கைக்குக் கோவம் முழுசா வராதும்மா."

"அப்ப ஆட்டத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? மொதல் நிமிஷத்துலயே தீந்துரும்."

"சரி, அஞ்சு."

"அஞ்சை ஆரு எண்ணறது? நீ ஆட்டத்தைப் பார்ப்பியா, 'டீ'யை எண்ணுவியா?"

பெருமாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். "கோட்டுக்குள்ள எத்தனை வேணாலும் பேசிக்குங்க. ஒறம்பரை கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. இத்தனையும் பேசிப்போட்டுத் தோத்துட்டு வந்தீங்கன்னா, ரெண்டு பேருமே ஊட்டுப் பக்கம் வராதீங்க."

சமையலறையிலிருந்து தோசை கருகும் வாசனை வந்தது. மருமகள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க வெடியால, இருட்டோடு எழுந்து போய் சௌந்தர்யா இடி வாங்கப் பழகினாள். லாரி சீட்டுக்குப் போடும் ஃபோம் துண்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கோச்சே ஓடி வந்து மோதினார். முதல் நாள் இரண்டடி பின்னால் போனாள். இரண்டாம் நாள் உட்கார்ந்தேவிட்டாள். வாரக் கடைசியில் உட்கார்ந்தது கோச்.

நான்காவது ஆட்டம் சேலம் அஸ்தம்பட்டியில். எதிரணிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மதில் மாதிரி வரிசையாக நின்றார்கள். முதல் பாதி முடிந்தபோது மோகனூர் நன்றாகவே பின்தங்கியிருந்தது. அனுமதி கிடைத்தும் தேவிப்ரியாவுக்கு நாக்கு எழவில்லை. முதல் வரிசையைப் பார்ப்பாள், "அம்மிணி..." என்று இழுப்பாள், பந்து போய்விடும்.

இது தானாக வராது என்று சௌந்தர்யாவுக்குப் புரிந்தது. கடையைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது முதல் போணி பண்ண வேண்டும். இரண்டாம் பாதி தொடங்கியதும், கேலரிக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "ஏ தேவி! பந்தை அடைகாக்கறியா? விடுடி!"

முதல் வரிசை மொத்தமும் பெருமாயியைத் திரும்பிப் பார்த்தது. தேவிப்ரியாவின் முகம் சிவந்தது. அடக்கி வைத்த மூன்று மாதமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நீ மொதல்ல கூடைக்கடியில போய் நில்லுடி! உன்னை ஆரு எறியச் சொன்னா? போன வருஷத்து நெனப்புலயே எத்தனை நாளைக்கு ஆடுவே?"

வலித்தது. உண்மை என்பதால் நன்றாகவே வலித்தது. சௌந்தர்யா போய் நின்றாள்.

கேலரியில் சௌந்தர்யாவுக்கு மாமன் முறையாகும் வீரபாகு பதறினார். "ஏனுங்க பெருமாயக்கா, உங்க மருமக உங்க புள்ளையை 'டீ' போட்டுப் பேசறாளே?"

"உங்களுக்கு ஏலம் புரியுதா? பேசாம உக்காருங்க" என்றாள் பெருமாயி, கண்ணை எடுக்காமல்.

அதற்கப்புறம் கோர்ட்டில் ஒரே இரைச்சல். "எடது பக்கம்டி!" "பாத்துட்டேன், நீ எறி!" "இன்னும் ஒரு அடிடி!" தனப்பிரியாவைத் துரத்தி வந்தவர்கள் எல்லாம் சௌந்தர்யாவின் மேல் வந்து விழுந்தார்கள். அந்த ஒரு நொடி அவகாசம் தனப்பிரியாவுக்குப் போதும். ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஜனம் தனப்பிரியாவின் பேரைச் சொல்லிக் கத்தியது. சௌந்தர்யாவின் தோளில் ஒரு முழங்கை இறங்கியது. அதைப் பார்த்து ஒருவரும் கத்தவில்லை. அவளும் அசையவில்லை.

கடைசிச் சில நொடிகளில் மோகனூர் ஒரு புள்ளி முன்னால். பந்து எதிரணியிடம். சௌந்தர்யா தன் கூடைக்கு அடியில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். முதுகில் ஒருத்தியின் எடை முழுதும் சாய்ந்தது. இன்னொருத்தி தூரத்திலிருந்து எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி யோசித்து, வெளியே விழுந்தது.

எழும்பினாள். எத்தனை கைகள் அந்தப் பந்துக்கு வந்தன என்று அவளுக்குத் தெரியாது. பிடித்துக் கீழே இழுத்து, வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டாள். இரண்டு பேர் பந்தைப் பிடுங்கினார்கள், ஒருத்தி கையைப் பிடுங்கினாள். "விட்றாதடி!" என்று தேவிப்ரியா தொண்டை கிழியக் கத்தினாள். அவள் சொல்லாவிட்டாலும் சௌந்தர்யா விடுவதாக இல்லை.

விசில் ஒலித்தது. அப்போதும் அவள் விடவில்லை. ரெஃபரி வந்து, "ஆட்டம் முடிஞ்சுதும்மா, பந்தைக் குடு" என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது.