ஃபோனில் வந்த தாய்மாமன்

திருத்தணி மலைமேல், முடி இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அன்று காலை இருந்தவர்கள்: ஷாலினி, அவள் கணவன் நாகேந்திரன், மாமியார் சுலோச்சனா, நாத்தனார் ரஞ்சிதம், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கைக்குழந்தை, காது குத்த வந்த ஆசாரி. ஷாலினியின் தம்பி, குழந்தையின் தாய்மாமன் விஷ்ணு, ஃபோனில் இருந்தான்.

அவன் இருந்தது வளைகுடாவில், கம்பெனி கொடுத்த அறையில். அந்த நாட்டில் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேச முடியாதபடி தடுத்துவைத்திருந்தார்கள். விபிஎன் போட்டால் வேறு ஊரிலிருந்து பேசுவதுபோல் காட்டித் தாண்டிவிடலாம். பஸ் ஸ்டாண்டில் செல்ஃபோன் கடை வைத்திருக்கும் நாகேந்திரன்தான் சொல்லிக்கொடுத்தான். கூடவே பயமும் காட்டியிருந்தான்.

"நம்ம ஊர்ல வச்சிகினா ஒண்ணும் இல்ல. சீனால கவர்மென்ட் ஒத்துகினதுதான் ஓடணும். ரஷ்யால அத வெளம்பரம் பண்ணாலே ஃபைன். விஷ்ணு இருக்கற ஊர்ல, தடுத்தத தாண்டிப் பேசினா கேஸு."

மாட்டினால் வீட்டை விற்றாலும் அபராதம் கட்டிமுடியாது, வேலையும் போகும். ஷாலினிக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள். மாமன் மடி இல்லையென்றால் தன் தம்பியை உட்காரவைப்பதாக மாமியார் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டில் ஆளே இல்லை என்று அதற்கு அர்த்தம். அதை ஷாலினியால் தாங்க முடியாது.

"அக்கா, தெரியுது! கொழந்த மூஞ்சி நல்லாத் தெரியுது!"

"கத்தாதடா. பக்கத்து ரூமுக்குக் கேக்கப் போவுது."

"கேக்கட்டுமே! மாமன் நான்தானே!"

கட்டிலில் சம்மணம் போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தான். அவன் அனுப்பிய பணத்தில் எடுத்த பட்டு வேட்டியை ஷாலினி பலகைமேல் மடித்துப் போட்டுக் குழந்தையை உட்காரவைத்தாள். ஃபோனை எதிரே பிடித்தாள்.

"ஃபோனுக்கு மடி எங்கடி கீது?" என்றாள் சுலோச்சனா. ஆசாரிகூடச் சிரித்துவிட்டார்.

"வேட்டி அவனுது அத்தே. அதான் மடி."

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. ஃபோனுக்குள் விஷ்ணுவும் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினான். இரண்டாவது காதுக்கு அவன் அழுதேவிட்டான், சிரித்துக்கொண்டே. "பாவா, பாத்தியா? என் மடியிலதான் குத்தினாங்க!" என்று அக்கா புருஷன் நாகேந்திரனைக் கூப்பிட்டான். கல்யாணத்தன்றுகூட ஷாலினி இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

"ஸ்டேட்டஸ் போட்டுட்டேன்," என்றாள் ரஞ்சிதம். "வெளிநாட்லர்ந்து வீடியோ கால்ல தாய்மாமன்னு."

நாகேந்திரன் அவள் ஃபோனைப் பிடுங்கினான். "யாரெல்லாம் பாத்தாங்கடி?"

"நம்ம பள்ளிப்பட்டு வெங்கடேசண்ணன் மொதல்ல பாத்துட்டாருண்ணா. ஹார்ட்டு கூடப் போட்டுகிறாரு."

வெங்கடேசன் விஷ்ணு தங்கியிருக்கும் கட்டடத்துக்கு மேற்பார்வையாளர். கம்பெனி சம்பளம் வாங்குகிறவர்.

ஃபோனுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"விஷ்ணு, கட் பண்ணுடா," என்றாள் ஷாலினி. அவன் கவனிக்கவில்லை. சிரிப்பு மாறாமல் ஃபோனைத் தலையணைமேல் சாய்த்துவிட்டு எழுந்துபோனான். கதவு திறந்தது. வெள்ளைச் சட்டைக் கை ஒன்று மட்டும் தெரிந்தது.

"சட்டய மாட்டிகினு வா. ஃபோன் அங்கயே இருக்கட்டும்."

நம்ம ஊர்த் தமிழ்க் குரல். கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை. விஷ்ணு கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்தான், பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டே வெளியே போனான். அழுகை ஓய்ந்த குழந்தை திரையைத் தொடக் கை நீட்டியது. அதற்குள் அந்த அறைக் கதவு சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து சாவி இரண்டு தரம் திரும்பியது.