நாற்பது ஆம்பியர்

பட்டறையில் செய்து ரொட்டிக் கம்பெனிக்குக் கொடுத்த பன்னிரண்டு மின்சார ஸ்கூட்டர்களில் நான்கு, இரண்டே வாரத்தில் மோட்டார் கருகித் திரும்பி வந்து பட்டறைச் சுவரோரம் நின்றன. மாமனார் ஒரு மோட்டாரைப் பிரித்து, கறுத்துப்போன கம்பிச் சுற்றை முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் தண்ணீர்ப் பம்புகளுக்குக் கம்பி சுற்றிய கை அது. பம்பு வேகமாக ஓடினால் கூடுதல் தண்ணீர் தள்ளும், கூடுதல் மின்சாரம் தின்னும். அந்தப் பாடத்தையே வண்டிக்கும் வைத்தார். ஓட்டுகிறவர்கள் தலைதெறிக்கப் பறப்பதால்தான் மோட்டார் எரிகிறது என்று கம்பெனி மேலாளருக்குக் கடிதமும் போட்டுவிட்டார்.

மருமகனுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவன் வீட்டோடு மாப்பிள்ளை. டயர் கழற்றுவதும் பிரேக் இறுக்குவதும்தான் அவன் பங்கு. ஒரே ஒரு தடவையாவது மோட்டார் விஷயத்தில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தான். மேட்டில் சுமையோடு வண்டி திணறுகிறது என்று புகார் வந்தபோது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரில் இருபதாக இருந்த ஆம்பியர் வரம்பை நாற்பதாக்கச் சொன்னவர் மாமனார். கணினியில் அதைத் தட்டியவள் அவர் மகள், இவன் மனைவி. வேண்டாமென்று இவன் முனகியதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். தன் ஆட்கள் வேகமாகப் போகிறவர்களே இல்லை என்றார். மருமகன் வாயை அடக்கியிருக்கலாம்.

"மாமா, வேகத்துல மோட்டார் எரியாது. ஓட்டிக் காட்டட்டுமா?"

"பஞ்சர் ஒட்டுற கை பாடம் எடுக்குதா? ஓட்டுங்க மாப்பிள்ளை. நாங்களும் கத்துக்கறோம்."

மோட்டாருக்குப் போகும் கம்பியில் மீட்டரைக் கோத்து, மேலாளரைப் பின்னால் ஏற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினான். கிளம்பியதும் மீட்டர் நாற்பது காட்டியது. முறுக்கிய கையை அவன் நூலளவும் தளர்த்தவில்லை. ஆனாலும் வேகம் ஏற ஏற எண் இறங்கியது. முப்பது, பதினெட்டு, உச்ச வேகத்தில் வெறும் ஒன்பது. சக்கரம் சுற்றச் சுற்ற மோட்டாரே எதிர்ப்பக்கம் மின்சாரத்தை உண்டாக்கி, வருவதைத் தடுக்கும் என்று காற்றுச் சத்தத்தை மீறிக் கத்திச் சொன்னான். பிறகு பாலத்து ஏற்றத்தில் திருப்பினான். அங்கே வண்டி ஊர்ந்தது, எண் நாற்பதிலேயே ஒட்டிக்கொண்டது. நாலு தடவை ஏறி இறங்கித் திரும்பியதும், மோட்டாரைத் தொட்ட மேலாளர் சூடு தாங்காமல் கையை உதறினார். இருபதாக இருந்த வரம்பை நாற்பதாக்கியதால்தான் மேட்டில் மோட்டார் எரிகிறது என்றான் மருமகன்.

"அப்ப இந்த நாற்பதை வெச்சது யாரு?" என்று மேலாளர் கேட்டார்.

மாமனாரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. மகளைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல நீதானேம்மா போட்ட. யாரு சொல்லிப் போட்டேன்னு சாருக்குச் சொல்லு."

அவள் புருஷன் இருந்த பக்கமே திரும்பவில்லை. "இவர்தான் சொன்னாரு."

மேலாளர் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் எங்க எரியும்னு இவ்வளவு கரெக்டா தெரிஞ்சிருக்கு" என்றார்.

மருமகன் வாயைத் திறந்தான். மறுத்தால் மனைவியைப் பொய்க்காரி என்று வெளியாள் முன்னால் சொன்னதாகும். மூடிக்கொண்டான்.

தன் வீட்டுப் பிள்ளை செய்த தப்புக்குத் தானே பொறுப்பு என்று மாமனார் கைகூப்பினார். நாலு வண்டிக்கும் புது மோட்டார், வரம்பு பழையபடி இருபது, மேட்டுப் பக்கம் போகும் வண்டிக்குப் பாதிச் சுமை என்று மளமளவென்று முடிவும் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மனிதரைப் பார்ப்பது அரிது என்று மேலாளர் நெகிழ்ந்து, இன்னும் எட்டு வண்டிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி டீ கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் பேர் கெட்டால் பட்டறையே போய்விடும், அவனுக்கென்று கெட என்ன பேர் இருக்கிறது என்று, கோபமே இல்லாமல், கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். "இருபதுன்னு போடும்மா. மாப்பிள்ளை, இனிமே மோட்டார் பக்கம் வராதீங்க. அந்த டியூபை ஒட்டிட்டீங்களா?"

அவன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழ் எங்கே வருகிறதென்று பார்த்தான்.