ரயில்வே கேட்டில் ஒரு பாராட்டு

செவ்வந்தி காத்துவந்த ரகசியத்துக்கு நீடாமங்கலத்தில் விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். பிளெக்ஸ் அடிக்க, கம்பு நட, கயிறு கட்ட, எல்லாம் சேர்த்து. பேரம் பேசியிருந்தால் நூறு குறைந்திருக்கும். திட்டப் பணம்தானே என்று துரைராசு வாய் திறக்கவில்லை.

துரைராசு அங்கே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் மேலாளர். செவ்வந்தி அவரிடம் களப்பணியாளர். அவளுக்கே அந்த நோய் உண்டு. மாத்திரை சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறாள். விஷயம் ஆஸ்பத்திரிக்கும் துரைராசுக்கும் மட்டுமே தெரியும். அவள் மகள் கலைமகளுக்குத் திருவையாற்றில் இடம் அமைந்து, வரும் வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தார்கள்.

அந்த வாரம்தான் தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றில் மேலாளர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. ஏ.சி. ஹால், கழுத்தில் பெயரட்டை, இடைவேளைக்கு முந்திரி பிஸ்கட். சென்னையிலிருந்து வந்த பயிற்றுநர் இராஜாங்கம், வளர்ந்த ஆட்களை வட்டமாக நிற்கவைத்து நூல்கண்டை உருட்டி விளையாடச் சொன்னார். மாலையில் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"உங்க டீம்ல ஒருத்தரை பப்ளிக்கா பாராட்டுங்க. போட்டோவை குரூப்ல போடுங்க. பெஸ்ட்டுக்கு ஷீல்டு!"

மற்றவர்கள் ஆபீசுக்குள் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். துரைராசுவின் ஊர்ப் பழக்கம் வேறு. காதுகுத்தா, பத்தாம் வகுப்பு தேறியதா, சிங்கப்பூரிலிருந்து திரும்பியதா, எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ். அது இல்லாத பாராட்டை அங்கே பாராட்டு என்றே யாரும் எண்ணுவதில்லை. ராவோடு ராவாக நீடாமங்கலம் திரும்பி, பிளெக்ஸ் அடித்து ரயில்வே கேட்டில் கட்டினார். கேட் சாத்தினால் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அதைப் படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. 'எச்.ஐ.வி.யை வென்ற எங்கள் வீரமங்கை செவ்வந்தி!' அவள் படம் சாப்பாட்டுத் தட்டளவு. கைகூப்பிய துரைராசு தாம்பாள அளவு.

காலையில் கேட்டில் நின்ற பஸ் ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா தங்கையன் உட்கார்ந்திருந்தார். இறங்குவதற்குள் செவ்வந்திக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஏம்மா, ரயில்வே கேட்டுல உன் பிளெக்ஸைப் பாத்தேன். எங்ககிட்ட சொல்லணும்னு தோணலியா? பொண்ணு மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியுது. எங்க சனம் ஒத்துக்காதும்மா. வெள்ளிக்கிழமை நாங்க வரல."

செவ்வந்தி கேட்டுக்கு ஓடினாள். பார்த்தாள். தஞ்சாவூரில் இருந்த துரைராசுவைப் போனில் கூப்பிட்டாள்.

"குரூப்ல பாத்தியா செவ்வந்தி? நம்மளுதுதான் டாப்பு!"

"சார், இப்பவே கழட்டச் சொல்லுங்க. சம்பந்தி வீட்டுல பாத்துட்டாங்க."

"அட, இரும்மா! மதியம் ஆபீசர் அந்தப் பக்கமா வர்றாரு, கண்ணுல படட்டும். சாயங்காலம் நானே எடுத்துடறேன். எத்தனை பேருக்குக் கெடைக்கும் இந்தப் பேரு?"

டீக்கடையில் கத்தி வாங்கி அவளே கயிற்றை அறுத்தாள். பிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

அவள் ஹாலுக்குள் நுழைந்தபோது துரைராசு கையில் ஷீல்டு இருந்தது. அவளைக் கண்டதும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். "அடடே, நம்ம லீடரே வந்துட்டாங்க!" என்று இராஜாங்கம் அவள் கையில் மைக்கைத் திணித்தார்.

"நான் கூட்டிட்டுப் போற பொம்பளைங்க என் கையைப் புடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரி படி ஏறுவாங்க," என்றாள் செவ்வந்தி. "'அக்கா, வெளிய தெரியாதுல்ல?'ம்பாங்க. தெரியாதுடின்னு சொல்லுவேன். இப்ப என்கூட நடந்தவ ஒவ்வொருத்தியையும் ஊரு ஒரு மாதிரியா பாக்குது. என் மக சம்பந்தம் போச்சு. இவருக்கு ஷீல்டு."

துரைராசு ஷீல்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். இராஜாங்கம் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.

"வாவ். என்ன ஒரு உண்மை! இதுக்குத்தாங்க இந்தப் பயிற்சியே. ஒரு குரூப் போட்டோ எடுத்துக்குவோமா?"

செவ்வந்தி மைக்கை மேஜைமேல் வைத்தாள். பிளெக்ஸ் சுருள் கக்கத்திலிருந்து நழுவியது. அதை எடுக்காமல் வெளியேறினாள். யாரோ அதைப் பிரித்தார்கள். நாலு பேர் நாலு முனையைப் பிடிக்க, மற்றவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு சிரித்தார்கள். படம் நன்றாக வந்தது என்று இன்னொரு முறையும் எடுத்தார்கள்.

வரவு: ஷீல்டு ஒன்று, ஆளுக்கொரு சான்றிதழ், மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்.

செலவு: ஒரு கல்யாணம், மாத்திரை வாங்க வருவதை நிறுத்திக்கொண்ட மூன்று பெண்கள், அதில் ஒருத்தி நிறைமாதம்.

பாக்கி: துரைராசு கேட்க வேண்டிய மன்னிப்பு.