பக்கத்துச் செல்

ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்காக உயிரை விடுகிறவள் என்று துறையில் அவளுக்குப் புழுராணி என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் காதில் விழும்படி. அந்தப் பேரைச் சொல்லவாவது ஆள் இருக்கிறதே என்று அவள் விட்டுவிட்டாள்.

இளம் புழுவின் வயிற்றில் நங்கூர செல் என்று ஒன்று உண்டு. அது அனுப்பும் சேதியைக் கேட்டுத்தான் கீழே இருக்கும் செல்கள் முட்டை வெளியேற ஒரு வாசலைக் கட்டும். சேதி வராவிட்டால் அவை வெறும் தோலாகிவிடும். அப்புறம் முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் அந்தத் தாயைத் தின்றுதான் வெளியே வரும். கொடுமைதான், புழுவைக் குறை சொல்லி என்ன செய்ய?

சேதி இல்லாமலும் எந்தப் புழுவாவது வாசல் கட்டுமா என்று பார்க்க, அந்த நங்கூர செல்லை லேசரால் சுடுவது அவள் வேலை. அதில் அவளுக்கும், அதே லேபில் இருந்த கணவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அவர் திரையைப் பார்த்துப் புழுவின் வயதைக் கணிப்பார். அவள் விரல் பொத்தான்மேல் இருக்கும். "பொறு, பொறு" என்று அவர் இழுக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமைசாமி என்று பேரே வைத்திருந்தாள். போன வருடம் மாரடைப்பு வந்தபோது மட்டும் மனிதர் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வேலையையும் அவளே பார்த்தாள்.

இந்த மாதம் ஓர் அதிசயம் நடந்தது. மரபணு மாற்றிய ஒரு வகைப் புழுவில் நங்கூர செல்லைச் சுட்டாள். அந்தப் புழு வாசலும் கட்டி, ஜோராக முட்டையும் இட்டது. சேதி இல்லாமலேயே! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவரிடம் ஓடினாள்.

"அடேங்கப்பா! வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்களே பேசிடுங்கம்மா. இது நிஜம்னா உங்க லேப் தப்பிச்சுது," என்றார் அவர். ஒற்றை ஆளுக்கு எதற்கு ஒரு லேப், மூடிவிடலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் காட்ட நல்ல படம் வேண்டுமே என்று, அதே வகையில் இன்னும் சில புழுக்களைச் சுட்டாள். இந்த முறை முட்டைக்குக் காத்திராமல் மறுநாளே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். திக்கென்றது. ஒன்றுமே நடக்காத மாதிரி நங்கூர செல் அங்கே உட்கார்ந்திருந்தது.

லேசர் குறி தவறவில்லை. சுட்ட செல் செத்த தடம் பக்கத்திலேயே தெரிந்தது. அவசரப்பட்டுவிட்டாள், அவ்வளவுதான். அந்த வயதில் அக்கா தங்கை மாதிரி இரண்டு செல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். யார் நங்கூரம் என்று அவற்றுக்குள் இன்னும் பேசி முடிந்திருக்காது. அதற்குள் ஒன்றைக் கொன்றால் மற்றது அந்த வேலைக்கு வந்துவிடும். இது அவளுக்குத் தெரியாததா? எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்! "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும். அவளுக்கு அது வராது. தலைவர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப சேதி போயிருக்கு. அனுப்பினது பக்கத்துச் செல்."

"ஆமா சார்."

"அவ்வளவு சீக்கிரமா அந்த வேலைய எடுத்துக்குமா?"

"ஒரு நாள்கூட ஆகல சார். ஒன்னு போனதும் பக்கத்துல இருக்கறது வந்து நின்னுக்குது. அவர் போயி ஒரு வருஷமாச்சு. என் பக்கத்துல யாருமே வரல சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு வேற யாரையாவது பேசச் சொல்லிக்கறேம்மா," என்றார்.