கற்பூரம் என்ற பேரில்

மறுபடியும் இதே அறைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம், கண்ணு. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வேறெங்கே போவேன்?

மடியில் தூங்கிய பிள்ளையிடம் ஆதிலட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் மாமனார் சொக்கலிங்கம் செட்டியாரின் துணிக்கடை முன்கட்டில் இருந்தது. அவளுக்கும் பிள்ளைக்கும் விட்ட அறை அதற்குப் பின்னால். சுவர் உயரத்துக்குப் பட்டுக் கட்டுகள். தூசி வரும் என்று சன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறையின் நெடி தலையைச் சுற்ற வைத்தது. பிறகு அப்படி ஒரு நெடி இருப்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

பிறந்து, பனமலையில் தாய்வீட்டில் இருந்தவரை பிள்ளை நன்றாகத்தான் இருந்தான். இங்கே வந்த அன்று மாமியார் சுந்தராம்பாள் டிரங்குப் பெட்டியிலிருந்து பரம்பரைப் பட்டுத்துணியை எடுத்து அவனைச் சுற்றினாள். சில நாளில் கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் காப்பித் தண்ணீர் போல இறங்கியது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வேறு ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தான். நேற்றுத்தான் திரும்பினார்கள்.

அங்கே டாக்டரம்மா அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்கள் வட்டமாக இருக்க வேண்டுமாம். பிள்ளையுடையவை பல, ஓரம் கடிபட்டுக் கிடந்தன. பட்டுத்துணியைப் பூச்சி அரித்தாற்போல் என்று நினைத்தவள், நினைத்ததற்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். துணிக்கடைக் குடும்பத்தில் பூச்சி என்ற சொல் வாயில் வரக்கூடாது. சொன்னால் சரக்குக்கு வந்துவிடும் என்பார்கள்.

டாக்டரம்மா கேட்டார்: “வீட்டுல பூச்சி உருண்டை போடுவீங்களாம்மா? சில குழந்தைங்க ரத்தத்துக்கு அது ஆகாது. இவனுக்கும் அப்படி இருக்கலாம். உறுதியா சொல்ல முடியல.”

“எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாதுங்க.”

இப்போது முன்கட்டில் ஒரு குரல் உரக்கக் கேட்டது. மேல்மலையனூரிலிருந்து கல்யாணப் பட்டெடுக்க வந்த ஆள்.

“செட்டியாரே, பொட்டியில வெக்க நாலு பூச்சி உருண்டை போட்டுக் குடுங்க.”

“யோவ், கடையில நின்னுக்கினு அந்தப் பேரைச் சொல்றியே! கற்பூரம்னு கேளுய்யா.”

“கற்பூரமா? அப்ப கொளுத்தி அங்காளம்மனுக்குக் காட்டலாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமி சுவரோரக் கட்டுகளை நிமிர்ந்து பார்த்தாள். கட்டுகளின் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கற்பூரம். அவளும் அப்படித்தானே சொல்லிப் பழகியிருந்தாள்? டாக்டரம்மா கேட்டது இதைத்தான். தெரியாமல் போயிருந்த நெடி திரும்பி வந்து மூக்கில் ஏறியது.

கட்டு எடுக்க வந்த கணவன் தனசேகரனிடம் சொன்னாள். அவன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

“இருக்கலாம்னுதானே அந்தம்மா சொன்னாங்க? நான் இதே ரூம்ல வளந்தவன். எனக்கு இன்னா ஆயிடுச்சி?”

“உங்களுக்கு ஆவல. இவனுக்கு ஆச்சி.”

“நைனா காதுல போட்டுடாத. நம்ம சரக்கு விஷம்னு ஊரெல்லாம் பேராயிடும்.”

கதவு திறந்தது. பட்டுக்கு முன்னால் அதன் நெடி உள்ளே வந்தது. பின்னாலேயே சுந்தராம்பாள்.

“பொம்பளைங்கல்லாம் கூடத்துல வந்து ஒக்காந்திருக்காங்க. பொழைச்சி வந்த பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கணும். இதுல சுத்தி எடுத்தாம்மா. இந்த ஊட்டு ஆம்பளப் பிள்ளைன்னா இந்தப் பட்டுலதான் வெளிய வரணும்.”

வாசற்படியில் மாமியார், சன்னலை மறைத்துக் கணவன். கூடத்தில் வளையல் சத்தம் அடங்கியது; பெண்கள் உள்ளே காது கொடுத்தார்கள்.

“வேணாம் அத்தே.”

“இன்னாடி வேணாம்?”

“அதுல பூச்சி உருண்டை வெச்சிருக்குது.”

தனசேகரன் கையிலிருந்த கட்டு நழுவியது. கடையில் பேச்சு நின்றது. ஆதிலட்சுமி குரலை உயர்த்தவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவள் உடுத்தியிருந்தது ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் அலசி, வெயிலில் காயவைத்த நூல் புடவை. அதன் முந்தானையைப் பிள்ளைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். மாமியார் நீட்டிய பட்டு நீட்டியபடியே இருந்தது.