படிக்காமல் போட்ட கையெழுத்து

வேதியியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் புயல். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கடந்து போன இடமெல்லாம் கையெழுத்து மட்டும் கிடக்கும். காதில் போனை இடுக்கிக்கொண்டு, நடந்தபடியே, சுவரில் தாளை வைத்துக்கூடப் போடுவார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் வழக்கம்தான் கிடையாது.

அவரிடம்தான் துரு என்று எல்லோரும் கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி போய் நிற்க வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயில் துரு ஏறுவதைத் தடுப்பது எப்படி என்பது அவள் ஆய்வு. பழைய குழாய்த் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாடு முழுவதிலும் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

"நீயே எழுதிட்டு வாம்மா, போட்டுடறேன்" என்றார் புயல், படியிறங்கிக்கொண்டே.

வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். 'அபாரத் திறமை', 'அயராத உழைப்பு', 'என் நேரடி வழிகாட்டுதலில்' என்று ஒரு பக்கம் நிரம்பியது. பம்பு மோட்டார் பழுது பார்க்கும் அவளுடைய அண்ணன், எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தான்.

"யாருடி இது? இப்படி ஒருத்தி நம்ம வீட்ல இருந்தா நான் பாத்திருப்பேனே?"

"போண்ணா. இப்படித்தான் எழுதணும். உண்மைய எழுதினா அவரு போடமாட்டாரு."

"படிச்சாத்தானே போடாம இருக்க?"

அந்தக் கேள்வி அவளைச் சும்மா விடவில்லை. விளையாட்டாக இன்னொரு கடிதம் எழுதினாள். அதில் முதலில் கையெழுத்து வாங்கி அண்ணனிடம் காட்டிச் சிரித்துவிட்டு, பிறகு நல்ல கடிதத்தை நீட்டுவது என்று கணக்கு.

மறுநாள் புயல் போனில் யாரையோ திட்டிக்கொண்டே விளையாட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டார். தாளை அவளிடம் தருவார் என்று கையை நீட்டினாள். அவரோ பக்கத்திலிருந்த அலுவலக அம்மாளிடம் தள்ளினார். அந்த அம்மாள் மடித்து, உறையிலிட்டு, பசை தடவி, முத்திரையும் குத்திவிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம், அத..."

"ஒட்டியாச்சும்மா. இன்னிக்குத் தபால்லயே போயிடும், கவலப்படாத."

யானை வாயில் போன கரும்பு, இனி கேட்டு என்ன பயன்? உதவித்தொகை கிடைக்காது என்று துரு முடிவு கட்டிக்கொண்டாள். அண்ணன் மட்டும் ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சிரித்தான்.

நான்கு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயரில் அவள் பெயரும் இருந்தது.

பல்கலைக்கழகம் தடபுடலாகப் பாராட்டு விழா எடுத்தது. அந்த ஆண்டு தேசிய அளவில் வெவ்வேறு உதவித்தொகைகள் வென்ற ஐந்து மாணவர்களும் மேடையில். முன்வரிசையில் புயல், புதுக் கோட்டில். "நான் கைபிடிச்சு வளத்த பொண்ணு" என்று இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் பின்னால் துருவின் அம்மாவும் அண்ணனும்.

துருவைத் தேர்ந்தெடுத்த தேர்வுக் குழுவின் தலைவிதான் சிறப்பு விருந்தினர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஆயிரக்கணக்கான பரிந்துரைக் கடிதங்கள படிச்சிருக்கேன். எல்லாத்துலயும் ஒரே பாட்டு. இந்த வருஷம் ஒண்ணு வந்துச்சு பாருங்க. எழுதினவர் இங்கேயே இருக்கார். நான் வாசிக்கிறேன்."

மேடையில் துரு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"'இந்த மாணவியை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். முதல் முறை, என் அறைக் குழாய் ஒழுகியபோது. பிளம்பர் அனுப்பிய ஆள் என்று நினைத்து வேலை வாங்கினேன். மறுக்காமல் சரி செய்தாள். கூலி கேட்கவில்லை, கழற்றிய துருப்பிடித்த வளையத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் முறை, இந்தக் கையெழுத்துக்காக. இவள் ஆய்வைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆய்வகப் பொறுப்பாளருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள். எப்படியாவது இவளைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் என்னிடமே வருவாள்.'"

அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. "நாங்க ஆய்வகப் பொறுப்பாளருக்குப் போன் போட்டோம்" என்றார் விருந்தினர். "நாற்பது நிமிஷம் இந்தப் பொண்ணோட வேலையப் பத்தியே பேசினார். அதுக்கப்புறம் எங்களுக்குச் சந்தேகமே வரல. இப்படி ஒரு நேர்மையான மனுஷர் தயவுசெஞ்சு எழுந்திருக்கணும்!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? புயல் எழுந்தார். கைதட்டல் ஓயவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகியபடி நாலாபுறமும் தலையசைத்தார்.

"எவ்வளவு பெரிய மனசுடா இவருக்கு!" என்றாள் அம்மா. அண்ணன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

விழா முடிந்ததும் புயலிடமிருந்து துருவுக்கு அழைப்பு வந்தது. அறைக்குள் போனாள். போன் மேசைமேல் குப்புறக் கிடந்தது.

"என்னம்மா இது?"

"தப்புதான் சார். நல்ல கடிதமும் எழுதி வச்சிருந்தேன். விளையாட்டா ஆரம்பிச்சது, கைமீறிப் போயிடுச்சு."

"குழாய் சரி பண்ணது நீயா?"

"ஆமா சார்."

"அதுக்கப்புறம் அது ஒழுகவே இல்ல." அறை மூலையிலிருந்த குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். "உன்ன நல்லாத் திட்டணும்னுதான் கூப்பிட்டேன். ஆனா வர்ற வழியில ஏழு பேர் கை குடுத்தாங்க. இருபது வருஷத்துல எனக்கு யாரும் அப்படிக் கை குடுத்ததில்ல. இப்ப நான் என்ன பண்றது?"

"அப்படியே இருந்துடுங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, இருமலாக்கி, கடைசியில் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தண்டனை தொடங்கியது, அவருக்கு. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு அவரையே பொறுப்பாளராகத் துணைவேந்தர் நியமித்தார். "எங்களப் பத்தியும் உண்மையா எழுதுங்க சார்" என்று முப்பத்தோரு பேர் வரிசையில் நின்றார்கள். உண்மை எழுத வேண்டுமென்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமே!

முதல் நாள் வந்தவள் வாய் திறக்கவே கூச்சப்படும் ஒரு பெண். பழைய காகிதத்தின் வாசனையை வைத்தே அதன் வயதைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவள் ஆய்வு. காலையில், பத்து நிமிடம் என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்.

மதியம் ஒன்றரை மணிக்கு அலுவலக அம்மாள் கையெழுத்துக்காகத் தாள்களோடு கதவைத் திறந்தாள். துறைத் தலைவர் நாற்காலிமேல் ஏறி நின்று, அலமாரி மேல்தட்டிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"அறுபது வருஷம் இருக்குமா?" என்றார்.

"இன்னும் நல்லா மோந்து பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண், நாற்காலியைப் பிடித்தபடி.